ஐந்தாவது செடி

செவ்வாய்க்கிழமை. காலை 6.10.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றிருந்தன. ஐரீன் டீச்சர் தோட்டத்துப் பூட்டோடு மல்லுக்கட்டினார். வாங்கிப் பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் துரு. கடல் காற்று எதையும் விட்டுவைக்காது.

கேட் திறந்தது. இரண்டு அடி வைத்தவர் நின்றுவிட்டார்.

தோட்டம் செத்துக் கிடந்தது. மகிழம், இலுப்பை, நாவல், ஆடாதொடை, பவளமல்லி என்று எல்லாமே இலை கருகித் தலை தொங்கிவிட்டிருந்தன. நேற்று லேசாக வாடியிருந்தபோது வெயில் என்றுதான் நினைத்தார்கள்.

6.35க்கு ராமசெல்வி வந்தாள். துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் சரிபார்ப்பவள். சீல் போட்டபடியே இருக்கிறதா, வழியில் யாராவது அறுத்துவிட்டு வேறு மாட்டினார்களா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பதினாறு வருஷப் பழக்கம்.

"யாரோட வேலை செல்வி இது?" என்றார் டீச்சர்.

ராமசெல்வி திரும்பி ரோட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு ஜேசிபி தயாராக நின்றிருந்தது.

திருவொற்றியூரில், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய பன்னிரண்டு சென்ட் அரசு நிலம் அது. சாம்பல் மண்ணும் குப்பையுமாகக் கிடந்ததை 'கரைப்பச்சை' குழு மூன்று வருஷம் அள்ளிக் கொட்டி, நாட்டுச் செடிகளை மட்டும் நட்டு வளர்த்தது. இன்று பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார். பதிவேட்டில் ஏறிய செடிகளில் ஐந்து நாட்டு வகையாவது உயிரோடு இருந்தால், இன்னும் ஐந்து வருஷத்துக்கு இடம் குழுவுக்கு. இல்லையென்றால் லாரி யார்டு போட ஒரு காண்ட்ராக்டருக்கு.

"போலீஸ்ல சொல்லலாமா?"

"அவங்க வந்து எழுதி முடிக்கறதுக்குள்ள யார்டே கட்டிடுவான் டீச்சர்."

ராமசெல்வி குந்தி உட்கார்ந்தாள். செடியடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"உப்பு."

7.05. குழுவில் மிச்சமிருந்த இருவரும் வந்துவிட்டார்கள். ராயபுரம் அலெக்ஸாண்டர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காசிமேடு சாவியோ, ஐஸ் வண்டி டிரைவர்.

"தண்ணி டாங்குக்குப் பின்னாடி பாருங்க" என்றார் அலெக்ஸாண்டர். "காலி சாக்கு ஒண்ணு கீது. ஐஸ்ல போடற கல்லுப்பு சாக்கு."

எல்லோர் கண்களும் சாவியோ மேல் திரும்பின. போதாக்குறைக்கு, தோட்டத்தில் பச்சையாக நின்றது ஒரே ஒரு பாத்திதான். உமரி, அடம்பு, ராவணன் மீசை, வெண்கண்டல். அது சாவியோவின் பாத்தி.

"டேய் சாவியோ, எவ்ளோடா குடுத்தான் காண்ட்ராக்டரு?" என்றார் அலெக்ஸாண்டர்.

"அண்ணாத்தே, பேஜார் பண்ணாத. காசிமேட்ல அந்த சாக்கு தெருவுக்கு நாலு கெடக்கும்."

"உன் செடி மட்டும் எப்டிடா பொழைச்சுது?"

"அது எனுக்கு எப்டித் தெரியும்?"

"இரு" என்றாள் ராமசெல்வி. சாவியோவின் பாத்தி மண்ணையும் தொட்டு நாக்கில் வைத்தாள். அதுவும் உப்பு.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் தண்ணி ஊத்துனது யாரு?"

"எல்லாருந்தான்" என்றார் டீச்சர். "டாங்க்ல இருந்து அவங்கவங்க பாத்திக்கு அவங்கவங்களே."

"அப்போ உப்பு டாங்க்ல இருந்துது. நம்ம செடிய நம்ம கையாலயே கொன்னுருக்கோம்."

டீச்சர் தன் இலுப்பையின் பக்கம் திரும்பினார். ராமசெல்வி தொடர்ந்தாள்.

"சாவியோவும் அதே தண்ணியத்தான் ஊத்திக்கீறான். அவன் வளக்கறது கழிமுகத்துச் செடி. உப்புலயே பொறந்து உப்புலயே வளர்றது. அதான் சாவல."

"அப்போ யாரு?" அலெக்ஸாண்டர் கேட்டார்.

"நாலு வகை பொழைக்கும், அஞ்சாவது பொழைக்காதுன்னு கணக்குப் போட்டவன். அந்த நாலும் சாவியோ பாத்தின்றதால, பழி அவன் மேல விழும்னும் தெரிஞ்சவன். வெளியாளு இல்ல. நம்மள்ல ஒருத்தரு."

7.40.

ராமசெல்வி பாத்தி பாத்தியாக நடந்தாள். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிறவர்கள் முதல் செடியை, தங்களை விட்டுப் போன ஒருவர் பெயரில் நட வேண்டும். பெயர் அடித்த தகரத் துண்டைக் கம்பியால் தண்டில் கட்டுவார்கள். கட்டியதை அவிழ்ப்பதில்லை. ராமசெல்வியின் மகிழத்தில் அவள் தம்பி பெயர். டீச்சரின் இலுப்பையில் அவர் அப்பா பெயர். கம்பிகள் துருவேறி, தண்டிலேயே செம்பட்டையாகக் கோடு விழுந்திருந்தது.

ஒரு பவளமல்லி முன் அவள் நின்றாள். தகரத்தில் 'பிலோமினா' என்றிருந்தது. அலெக்ஸாண்டரின் மனைவி. மூச்சிரைப்பில் போய் இரண்டு வருஷம்.

அதுவும் கருகித்தான் இருந்தது. ராமசெல்வி கம்பியைத் தடவிப் பார்த்தாள். பிறகு செடியை வேரோடு பிடுங்கினாள்.

"செல்வி." அலெக்ஸாண்டர் ஓடி வந்தார். "அது என் பிலோ செடி."

"இல்லண்ணா. சீல் மாத்திக்கீறே."

"இன்னா சொல்றே?"

"இங்க பத்து நாளுப் பூட்டே துருப்புடிக்குது. ரெண்டு வருஷக் கம்பி பளபளன்னு கீது. பழசை முறுக்கி அவுக்கப் போயி ஒடஞ்சிடுச்சா?"

ராமசெல்வி வேரை உதறினாள். சாம்பல் மண்ணுக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கட்டி உதிர்ந்தது.

"செம்மண். மாதவரம் நர்சரிப் பையில வர்ற மண்ணு. ஞாயித்துக்கெழமக்கு முன்னாடியே பிலோக்கா செடியப் பேத்து எடுத்துக்கினு, புதுசு ஒண்ண நட்டு, அதுல அக்கா பேர மாட்டிக்கீறே. தண்ணி வெஷமாகப் போறது மத்த யாருக்கும் தெரியாது. உனுக்குத் தெரிஞ்சுது."

அலெக்ஸாண்டர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பையனுக்கு யார்டுல பர்மனென்ட் வேலைன்னான் காண்ட்ராக்டரு" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் மனசக் கல்லாக்கிக்கினு செஞ்சேன். அவள மட்டும் முடியல."

சாவியோ அவரை நோக்கிப் பாய்ந்தான். ராமசெல்வி கையை நீட்டித் தடுத்தாள்.

"அக்கா மூச்சுக்குத் தவிச்சது லாரிப் புழுதியில. அதே லாரிய அவங்க செடி மேல ஏத்தப் பாத்தியே அண்ணா." அவள் குரல் ஏறவில்லை. "உன்ன அப்புறம் பாத்துக்கறேன். செடி எங்க கீது?"

"வூட்ல. மொட்ட மாடில."

"சாவியோ, வண்டிய எடு."

"இந்தாள என் வண்டில ஏத்த மாட்டேன்க்கா."

"அஞ்சாவது செடி அவர் வூட்லதான்டா கீது. எடு."

11.00. அதிகாரி வந்தார். கருகிய பாத்திகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எதுவுமே இல்லையேம்மா."

"இந்தப் பக்கம் வாங்க சார்" என்றார் டீச்சர். "உமரி. அடம்பு. ராவணன் மீசை. வெண்கண்டல்."

"உமரியா? அது களைதானே?"

"நீங்களும் நானும் இந்தக் கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்தது சார். பதிவேட்டுல ஏழாவது பக்கம். பாத்துட்டு எழுதுங்க."

அதிகாரி புரட்டிப் பார்த்தார். எழுதினார். "நாலுதான் ஆகுது."

11.12. லாரி நெரிசலில் மூன்று மணி நேரம் சிக்கிய ஐஸ் வண்டி கேட்டில் வந்து நின்றது. பின்னால் மீன் கூடைகளுக்கு நடுவே, அலெக்ஸாண்டர் ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் இரட்டைத் தண்டுப் பவளமல்லி. ஒரு மொட்டும் விட்டிருந்தது. தண்டில் துருக் கோடு.

அதிகாரி பதிவேட்டுப் படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஏன் தொட்டியில இருக்கு?"

அலெக்ஸாண்டர் தொட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

"நான்தான் சார் திருடினேன். மத்ததுக்கெல்லாம் உப்பு வெச்சதும் நான்தான். வேலை தர்றேன்னு சொல்லி வெக்கச் சொன்னது அதோ, அந்த ஜேசிபியக் கொண்டாந்து நிறுத்திக்கீற காண்ட்ராக்டரு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். எழுதிக்குங்க."

அதிகாரி படத்தில் இருந்த இரட்டைத் தண்டை இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு ஐந்தாவது வகையை எழுதினார். அதன் கீழே அலெக்ஸாண்டர் சொன்னதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ராமசெல்வி பழைய குழியைத் தோண்டி உப்பு மண்ணை வெளியே தள்ளினாள். செடியை இறக்கி, அதே பளபளக் கம்பியால் தகரத்தைக் கட்டினாள்.

"நான் போறேன் செல்வி" என்றார் அலெக்ஸாண்டர்.

"எங்க போற? டாங்க்கக் கழுவு. எல்லாப் பாத்திக்கும் நல்ல தண்ணி விட்டு உப்ப எறக்கணும். தெனம் ஆறு மணிக்கு வா. நாங்க பேச மாட்டோம். நீ வந்துதான் ஆவணும்."

அவர் கம்பியைக் காட்டினார். "அதயாவது மாத்தட்டுமா? பளபளன்னு உறுத்துது."

"இருக்கட்டும். பத்து நாள்ல துரு ஏறிடும்."

வெளியே ஜேசிபி பின்னோக்கி நகர்ந்து ரோட்டில் ஏறியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியோ காலிக் குடத்தை எடுத்து அலெக்ஸாண்டரின் காலடியில் ணங்கென்று வைத்தான்.