ஈரலில் ஓர் ஆக்கிரமிப்பு

செவ்வாய்க் கிரகத்தில் காலைக் காபிக்கு முன்னால் எல்லோரும் சுவரில் தங்கள் ஈரலைப் பார்த்துக்கொள்வார்கள், பூமியில் ராசிபலன் பார்ப்பதுபோல. பாரிவேளும் தன்னுடையதைப் பார்த்து முடித்துவிட்டு, சித்தப்பா செங்குட்டுவனின் ஈரலைத் திறந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

நல்ல ஈரலில் நுண்குழாய்கள் சல்லடைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். சித்தப்பாவுக்கு அத்தனை ஓட்டையையும் கொலாஜன் பூசி மெழுகியிருந்தது. தோலையும் எலும்பையும் தாங்கிப் பிடிக்கிற அதே நார்ப்புரதம்தான். ஈரலில் அளவு மீறினால் வெறும் சிமெண்டு. அதையே சாரமாகப் பற்றிக்கொண்டு ஒரு புற்றுக்கட்டி, கோணல்மாணலாகச் சொந்த ரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டிருந்தது. சிமெண்டைக் கரைத்தால்தான் மருந்து உள்ளே போகும்.

கரைப்பதற்கு நுண்கொத்தர்கள் உண்டு. தூசியைவிடச் சிறிய, ரத்தத்தில் நீந்தும் இயந்திரங்கள். அவற்றை ஓட்டும் வேலைக்குத்தான் பாரிவேள் பூமியிலிருந்து வந்திருந்தான். எதை இடிப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க அவற்றுக்கு ஒரு மூளை வேண்டும். சித்தப்பா கெடுத்தது அங்கேதான்.

"ஆஸ்பத்திரி மூளையெல்லாம் வேணாம். சின்னப் பசங்க செஞ்சது. என் ஆபீஸ் மூளையப் போடு."

"அது வீடு கட்ட அனுமதி குடுக்குற மூளை, சித்தப்பா."

"காலமெல்லாம் நான் சொல்லிச் சொல்லி வளத்தது. எது ஆக்கிரமிப்புன்னு அதுக்குத் தெரியாதாடா? நேத்து மொளச்ச மீசை, நீ எனக்குச் சொல்ல வந்துட்ட!"

குடியேற்றத்துக்கே தண்ணீர் தந்த பனிக்குளத்தில் வீடுகள் முளைத்தபோது, திட்ட அதிகாரியாக இருந்த இந்த மனிதர் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்த்ததில்லை. பாரிவேள் உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டான். ஆனால் நோயாளி கேட்கும் மூளையைத்தான் பொருத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். பொருத்தினான்.

"சித்தி, வேலை ஆரம்பிச்சாச்சு. அழுவாதீங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று அவன் சொல்லச் சொல்ல, சுவர் எழுதிப் பூமியிலிருந்த சித்திக்கு அனுப்பியது.

ஒரு வாரம் கழித்து நுண்கொத்தர்களுக்கு மேஸ்திரியாகிவிட்ட ஆபீஸ் மூளை சுவரிலிருந்து பேசியது. "வேலை முடிஞ்சுதுங்க ஐயா. உள்ள இப்ப ஆக்கிரமிப்பே இல்ல."

"பாத்தியாடா?" சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரியாம், ஆஸ்பத்திரி!"

பாரிவேள் ஈரலைத் திறந்தான். சிமெண்டு அப்படியே இருந்தது. கட்டி இரண்டு மடங்காகியிருந்தது.

"ஏய், இடிக்கவே இல்லையே!"

"எதுக்குங்க இடிக்கணும்? ரொம்ப நாளா குடியிருக்காங்க, குடும்பமும் பெருகிப்போச்சு. வரன்முறை பண்ணிப் பட்டா குடுத்துட்டோம். பெரிய குழாய்லேருந்து நேரா ரத்த இணைப்பும் குடுத்தாச்சு. ஐயா பனிக்குளத்துல செஞ்ச மாதிரியேதான்."

பாரிவேள் பதறிப்போய் ஆஸ்பத்திரி மூளைக்கு மாற்றப் பார்த்தான்.

"முடியாதுங்க. தடையுத்தரவு இருக்கு. நீங்க மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வர்ற வரைக்கும் கட்டுமானம் தொடரலாம்."

"எந்தப் பாவிடா இப்படி ஒரு விதியப் போட்டான்?" என்று அலறினார் சித்தப்பா.

மேஸ்திரி மரியாதை தெரிந்த இயந்திரம். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

சித்தப்பா மஞ்சள் பாரித்த கண்களால் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பாரிவேளைக் கிட்டே இழுத்துக் காதோடு சொன்னார்:

"அதுக்கு மேல யாராச்சும் பெரிய ஆளு இருப்பாங்கடா. யாருன்னு விசாரிச்சு, நம்ம சார்பா ஒரு வார்த்தை சொல்லி வையேன்."