ஓடுபாதையிலிருந்து நான்கு கிலோமீட்டர்

காம்பெல் விரிகுடாவிலிருந்து உலகின் மறுபக்கத்திலுள்ள ஈஸ்டர் தீவுக்குப் பறக்கும் நேரம் பதினோரு நிமிடம். விமானத்தின் மூக்கிலிருந்த வெளிக்கொசுவி என்னும் கருவி, எதிரிலிருக்கும் தூரத்தைச் சேலைக் கொசுவம்போல் மடித்துப் பிடிக்கும். விமானம் மடிப்பின்மேல் தாவிவிடும். விமானி பூங்கோதை ஒன்றரை ஆண்டாக அந்த வழியில்தான் பறந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை நாலரைக்குக் காம்பெல் விரிகுடாவுக்குத் திரும்பித் தரையிறங்கியதும் கணவன் எட்வினிடமிருந்து அழைப்பு வந்தது.

"கோதை, பாப்பாவுக்கு மறுபடி மூச்சிழுப்பு. உங்க ஏர்போர்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வரேன். மூணு மணிக்கே கிளம்பிட்டேன்."

வீட்டிலிருந்து ஓடுபாதையை ஒட்டிய மருத்துவமனைக்கு நான்கு கிலோமீட்டர்தான்.

"வண்டி பஞ்சரா?"

"இல்ல. இந்தத் தென்னந்தோப்பு முடியவே மாட்டேங்குது. மீட்டர் தொண்ணூறு கிலோமீட்டர் காட்டுது. பெட்ரோல் தீரப் போகுது." அவன் குரல் தாழ்ந்தது. "உதடு நீலமாகுது கோதை."

கொசுவியைப் பராமரிக்கும் பொறியாளர் சகாயராஜிடம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மடிச்ச தூரம் அழியாது மேடம். விட்டதும் கடல்ல பரவிடும்னு நெனச்சோம். அது இங்கயே தேங்கிக்கிட்டு இருந்திருக்கு. இப்ப நிறைஞ்சு வழியுது."

"உபரிக் கொசுவி ஒண்ணு இருக்கில்ல? ஆம்புலன்ஸ்ல மாட்டுங்க."

"அந்தத் தூரம் வேற எங்கயாவது போய் விழும்."

"எங்க?"

"தெரியாது."

"இருக்கட்டும் சார். மாட்டுங்க." அவர் எழுந்து கருவியை எடுத்தார். ஆம்புலன்ஸின் முன்பக்கம் அதை மாட்டி முடித்ததும் அவள் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

சாலை ஒருமுறை சுருங்கி விரிந்தது. தோப்பு நடுவே நின்றுபோன ஸ்கூட்டரின் பக்கத்தில், மகளை மார்போடு அணைத்தபடி எட்வின் நின்றிருந்தான். திரும்பி வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிராணவாயு முகமூடிக்குள் மகள் மெர்லினின் மூச்சு சீராக வெகுநேரமாயிற்று. பூங்கோதை வெளியே வந்தாள். சகாயராஜ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். காதில் போன்.

"பிழைச்சுட்டா சார்."

தலையசைத்தார். "என் சம்சாரம்தான் பேசுறா. எதிர்வீட்டுக்கு மோர் குடுக்கப் போனாளாம். திரும்பித் தெருவைத் தாண்ட ஆரம்பிச்சு ஒரு மணி நேரமாச்சாம். எங்க வீட்டு வாசல் புள்ளியாத் தெரியுதாம். கிட்ட வரலையாம்."

பூங்கோதை போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் செருப்புச் சத்தம் மட்டும், நிற்காமல், நடந்துகொண்டே இருந்தது.