வெட்டிய இலையின் காம்பு

“ஒட்டின செடிக்கு முதுகு கிடையாதாம்மா?” என்று பசையம்மாவின் மகள் ஒருநாள் கேட்டாள். தாவரக் கூடத்தில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டியே பத்து வருடம் ஓட்டியவள், சிரித்து மழுப்பினாள்.

அடுத்த வாரம் அந்தக் கூடத்தின் தலைவர் துப்பறிவாளரைத் தேடிப் போனார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு செடியைக் கண்டெடுத்தது தாமே என்று இருவர் சொல்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மதிலோரத்தில் பறித்தேன் என்கிறாள் பசையம்மா. நான்தான் பறித்து அவளிடம் ஒட்டக் கொடுத்தேன் என்கிறார் கூடத்தின் தாவரவியலாளர். மதிலை இடித்துக் கட்டடமே எழும்பிவிட்டது. மிஞ்சியது ஒட்டிய தாள் ஒன்றுதான். பொய் சொன்னவருக்கு வேலை போகும்.

துப்பறிவாளர் தம் மைத்துனரோடு வந்தார். மைத்துனர் எதிலும் முந்திரிக்கொட்டை. தாவரவியலாளரின் குறிப்பை வாங்கி உரக்கப் படித்தார்: “நாற்கோணத் தண்டு. மாற்றிலை அடுக்கம். மணி வடிவ மலர்.” செடியின் பக்கத்தில் நின்றே எழுதியது என்று தாவரவியலாளர் அழுத்திச் சொன்னார்.

பசையம்மாவுக்கு அந்தச் சொற்களில் பாதி புரியவில்லை. தன் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். “மணி மாதிரி பூங்கய்யா. இலை ரெண்டு ரெண்டா, நேருக்கு நேரா நிக்கும்.”

“மாட்டிக்கிட்டாங்க மாமா,” என்றார் மைத்துனர். “மாற்றிலைன்னா கணுவுக்கு ஒரே இலை. தாள்ல அப்படித்தானே இருக்கு? இடப்பக்கம் ஒண்ணு, அதுக்கு மேல வலப்பக்கம் ஒண்ணு. தானே ஒட்டினதுகூட ஞாபகம் இல்லையா?”

துப்பறிவாளரோ பூதக்கண்ணாடியோடு தாளின்மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

“ஏம்மா, தாள்ல இடம் பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணு மேல ஒண்ணு படுற இலையை வெட்டிருவேங்கய்யா. ஆனா காம்போட அடியை விட்டுவெப்பேன். இருந்ததை இல்லேன்னு காட்டக் கூடாது பாருங்க.”

அவர் கண்ணாடியை மைத்துனரிடம் நீட்டினார். ஒவ்வொரு கணுவிலும், இலைக்கு நேர் எதிரே, கடுகளவு காம்பு.

“உயிரோட பார்த்தவங்களுக்கு ரெண்டு ரெண்டா தெரிஞ்சிருக்கும். ஒட்டின தாளை மட்டும் அவசரமா பார்த்தவருக்குத்தான் இது மாற்றிலை.” துப்பறிவாளர் குரலை உயர்த்தவில்லை. தாவரவியலாளர் தலை குனிந்தார். மைத்துனர் பசையம்மாவிடம் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டார்.

தலைவர் தாவரவியலாளரை அன்றே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். பசையம்மா பரிந்து பேசியதால் ஒரு கெடுவோடு விட்டார்: அவர் மேசையில் தேங்கிய நாற்பது செடிகளும் மாத முடிவுக்குள் தாளில் ஏற வேண்டும்; இல்லையென்றால் வேலை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் மேசையில் குவிந்ததை யாரோ ஒட்டி முடித்திருந்தார்கள். செடியைத் தாளோடு பிடித்து நிறுத்தும் காகிதப் பட்டைகள் எல்லாம் கோணல். அவ்வளவு கோணலாக ஒட்டுகிற கை அந்தக் கூடத்தில் ஒன்றுதான் உண்டு. தாவரவியலாளர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்த மாதம் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே போன பிறகு, அவள் அவர் மேசைக்குப் போய் தினம் இரண்டு தாள் ஒட்டினாள். கையிலிருந்த பசையைக் கழுவிவிட்டு, மணி அடிப்பதற்குள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.