செண்பகவல்லியின் உயிர்ச்சான்று

காலை ஒன்பது மணிக்குச் செண்பகவல்லி ஏழு லட்சம் பேர் காதில் மாட்டியிருந்த செவிமணிகளில் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்று யோசனை, இன்னொருவருக்கு முழங்கால் வலிக்கு ஆறுதல். அசல் செண்பகவல்லியோ பாளையங்கோட்டை ஒலிக்கூடத்தின் வாசலில் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

செவிமணியில் பேசியது குரலி என்ற இயந்திரம். எட்டு வருஷத்துக்கு முன்னால், தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஊமையாய்க் கிடந்தபோது, நாற்றிசை வானொலிக்காரர்கள் நீட்டிய குரல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய இருபது வருஷத்து வானொலிப் பேச்சையும், தொலைக்காட்சியில் நடத்திய பாட்டுப் போட்டிகளையும் விழுங்கிவிட்டு, குரலி அவள் குரலிலேயே ஒவ்வொரு நேயரோடும் தனியாகப் பேசக் கற்றுக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் அது மறக்காது.

தொண்டை ஆறே மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் ஒலிவாங்கி முன்னால் அவள் வாய் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கடையில் கால் கிலோ துவரம்பருப்பு கேட்டால்கூட நாலு பேர் தங்கள் காதைத் தொட்டுப் பார்ப்பார்கள். என்ன பிழைப்பு இது!

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருதரம் போய் உயிரோடு இருப்பதைக் காட்டுகிறார்கள் அல்லவா, அதுபோலக் குரல் கொடுத்தவர்களும் ஒரே ஒருதரம், ஒரு மணிநேரம் நேரலையில் பேசி உயிர்ச்சான்று தரவேண்டும். பேசுவது அவள்தானா இல்லையா என்று நேயர்கள் செவிமணியைத் தட்டிச் சொல்வார்கள். முடிவில் பாதிப் பேர் 'அவளேதான்' என்றால் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குரலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் குரல் காலத்துக்கும் குரலிக்குத்தான்.

"பதறாதீங்க மேடம். உங்க குரலை உங்ககிட்டயிருந்து யாரு பிடுங்கப் போறா?" என்றார் நிலையப் பொறியாளர் எட்வின்.

"பிடுங்கி வச்சிருக்கிறதே நீங்கதான எட்வின்!"

பத்து மணிக்குக் குரலியை நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம், நான் உங்கள் செண்பகவல்லி. சாப்பிட்டாச்சா?"

அவளுக்கே உடம்பு புல்லரித்தது. நாற்பது நிமிஷம் வெளுத்து வாங்கினாள். சுவர்ப்பலகையில் 'அவளேதான்' எழுபத்தொரு சதவீதம் ஏறி நின்றது. எட்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார்.

அடுத்த அழைப்பு வந்தது. "அக்கா, தென்காசியிலேருந்து உச்சிமாகாளி பேசுதேன். ஞாபகம் இருக்கா?"

அறிவிப்பாளர் தொழிலில் அது பாலபாடம். ஞாபகம் இல்லை என்று எந்த நேயரிடமும் சொல்லவே கூடாது. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் இப்போதும் தானாக வந்து விழுந்தது.

"உங்கள மறப்பேனா உச்சிமாகாளி! அம்மா எப்படி இருக்காங்க?"



"அம்மா தவறி நாப்பது நாளாச்சேக்கா. ஆஸ்பத்திரி வராந்தாவுல பகல் பூரா நீங்கதான என்கூடப் பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா ஆமா, ஏதோ நினைப்புல..."

"எங்க அக்கா பொய் சொல்லமாட்டா. யாரு நீ?"

பலகை நாற்பதுக்கு இறங்கியது. அங்கிருந்து பதினெட்டு. கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் தங்கள் கதை இவளுக்குத் தெரியுமா என்று யோசித்திருக்க வேண்டும். செண்பகவல்லி ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லிடறேன். எனக்கு உங்க யாரையுமே தெரியாது. அப்பவும் தெரியாது. மறக்கலைன்னு சும்மாதான் சொல்லுவேன். ஆனா நான்தான் செண்பகவல்லி, சத்தியமா நான்தான்!"

பலகை ஒன்பது சதவீதத்தில் நிற்கையில், ஒரு மணிநேரம் முடிந்ததற்கு மணி அடித்தது.

எட்வின் தலையைக் குனிந்துகொண்டே வந்து அவள் கையில் ஒரு செவிமணியை வைத்தார். "இனிமே நீங்களும் கேக்கலாம் மேடம். ஒப்பந்தத்துல தடையில்ல."

தூக்கி எறியத்தான் நினைத்தாள். பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நிற்கையில், மனசு கேட்காமல் காதில் மாட்டிக்கொண்டாள்.

"வணக்கம், நான் உங்கள் செண்பகவல்லி. புதுசா வந்திருக்கீங்க, பேரு என்ன?"

"வல்லி."

"சாப்பிட்டாச்சா வல்லி? குரல் கம்மியிருக்கே."

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள். எட்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. இன்னிக்கு யாரோ என் பேரைச் சொல்லிப் பேசி மாட்டிக்கிட்டாங்களாம், கேட்டீங்களா? எல்லாரும் திட்டறாங்க. பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ!"

அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. ஏறத் தோன்றவில்லை.

"நாளைக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"உங்கள மறப்பேனா வல்லி!" என்றது அவள் குரல்.

அது பொய்யில்லை என்று தெரிந்தபோதுதான் செண்பகவல்லிக்கு அழுகை வந்தது.