இரு பரிசோதனைகளின் அடிப்படையில்

"எங்கம்மாவுக்குப் புத்தி மங்கிடுச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க டாக்டர்" என்று சொல்லிக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள் மகள். உட்காரக்கூட இல்லை.

அம்மா பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். ஆற்றுப்பாலத்தின் தூணில் விரிசல் விட்டிருக்கிறது, வண்டிகளை நிறுத்துங்கள் என்று எழுதினார். ஒரே மாதத்தில் அவரையே நிறுத்திவிட்டார்கள். அல்சைமர் நோய் என்றது அலுவலக மருத்துவரின் கடிதம்.

நரம்பியல் மருத்துவர் கடிதத்தையும் அதோடு இணைத்திருந்த தண்டு நீர்ப் பரிசோதனை முடிவையும் நிதானமாகப் படித்தார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆய்வுக்கூடக்காரருக்கோ அதற்குள் ரத்தம் கொதித்தது. இருபது வருடமாக முதுகுத்தண்டு நீரைச் சோதிக்கிறவர் அவர்.

"அமிலாய்டு புரதம் குறைஞ்சிருக்கு. மூளையில படிஞ்சா தண்டு நீர்ல குறையும், வாஸ்தவம்தான். ஆனா டாவ் புரதம் நார்மலா இருக்கே? நோய்னா அது ஏறணுமே?"

"இந்த வரியைப் பாருங்க. 'இரு பரிசோதனைகளின் அடிப்படையில்.' இணைச்சிருக்கிறது ஒண்ணுதான்" என்றார் மருத்துவர்.

அம்மாவை வரவழைத்து, தண்டு நீரை எதில் பிடித்தார்கள் என்று கேட்டார்.

"கண்ணாடிக் குழாய்ல. பிளாஸ்டிக் குழாய் தீர்ந்துபோச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க. அடுத்த வாரம் ஒரு ஊசி போட்டு மூளையை ஸ்கேன் எடுத்தாங்க. அந்த ரிப்போர்ட்டைக் கண்ணுல காட்டவே இல்ல."

"கண்ணாடியிலயா?" ஆய்வுக்கூடக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மாவின் கையெழுத்தோடு போய், ஸ்கேன் மையத்தில் நகல் வாங்கி வந்தவரும் அவர்தான்.

மறுநாள் காலை எல்லோரும் அம்மாவின் அலுவலக இயக்குநரின் அறையில் கூடினார்கள். அலுவலக மருத்துவர் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அமிலாய்டு ஒட்டுற குணமுள்ள புரதம். கண்ணாடியில பிடிச்சா குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கும், அளவு குறைவாத்தான் காட்டும்" என்று அவரிடம் தொடங்கினார் நரம்பியல் மருத்துவர். "உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்கு. அதனாலதான் ஸ்கேனுக்கு அனுப்பினீங்க. அதுல அமிலாய்டு படிவே இல்ல. ரிப்போர்ட் உங்க கைக்கு வந்தது அஞ்சாம் தேதி. கடிதம் எழுதினது எட்டாம் தேதி."

"ரெண்டும் ஒத்துப்போகல. அதான் ஒண்ணை விட்டுட்டேன்."

"ஒத்துப்போகலைன்னா ரெண்டையும்தான் வைக்கணும். தாளை ஒளிச்சீங்க, 'இரு'ங்கிற வார்த்தையை எடுக்க மறந்துட்டீங்க. இவங்க ஞாபகசக்தியை ஒரு தடவையாவது சோதிச்சீங்களா? வெறும் நம்பரை வச்சு ஒரு ஆளை நோயாளியாக்க முடியாது."

அலுவலக மருத்துவர் இயக்குநரைப் பார்த்தார். யார் கேட்டு எழுதிய கடிதம் என்பது அந்தப் பார்வையில் எல்லோருக்கும் விளங்கிப்போயிற்று. ஆய்வுக்கூடக்காரர் கையை முறுக்கிக்கொண்டு எழப்போனார். நரம்பியல் மருத்துவர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தப்பு நடந்துபோச்சு. நாளைக்கே வேலைக்கு வாங்க மேடம்" என்றார் இயக்குநர்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "எனக்கு நெஜமாவே அந்த நோய் இருந்திருந்தாலும் விரிசல் விரிசல்தானே சார்? என் மூளைக்குள்ள பார்க்க ஆள் போட்டீங்க. தூணைப் போய்ப் பார்க்க ஒருத்தரை அனுப்பினீங்களா?"

தூணைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்ல இயக்குநர் தொலைபேசியை எடுத்தார். பேசி முடிக்கும்வரை அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.