ஜெபத்தில் கண் மூடாதவள்

"ஜெபத்துல கண்ணை மூடத் தெரியாதவ என்ன விசுவாசி?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"விழிப்பா ஜெபம் பண்ணுன்னா பராக்குப் பார்க்கச் சொல்லலம்மா. நேத்தும் முழிச்சுக்கிட்டே உக்காந்திருந்தியாமே?"

"யாரு அத்தை சொன்னா?"

"நான்தான் பார்த்தேன், வாட்ச்மேன் அண்ணி" என்றாள் நாத்தனார், காபியை ஆற்றிக்கொண்டே. கண்ணை மூடி ஜெபித்தவளுக்கு அது எப்படித் தெரிந்ததாம்? அதைக் கேட்க அந்த வீட்டில் ஆள் ஏது! கேள்வியெல்லாம் மருமகளுக்குத்தானே.

"இன்னைக்கும் மூடலன்னா, நாளையிலேருந்து ஜெபத்துக்கு வராத. அடுப்படியிலயே இரு."

மருமகள் வாயைத் திறந்தால் குடும்பமே சரிந்துவிடும்.

அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். தினமும் வண்டியை எடுக்கும் முன் அவன்தான் குடும்ப ஜெபம் நடத்துவான். சில நாள் பாதியில் பேச்சு நின்றுவிடும். ஒரே அமைதி. "என் பிள்ளை ஜெபிக்கும்போது ஆண்டவரே பேசுவாரு, இவன் கேட்டுக்கிட்டிருப்பான்" என்று மாமியார் சபையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

கண் திறந்திருந்தவளுக்கு மட்டுமே உண்மை தெரியும். அந்த நேரத்தில் அவன் பார்வை சுவரில் நிலைகுத்தி நிற்கும், உதடு எதையோ மெல்லும், கடைவாயில் எச்சில் வழியும். அவள் சத்தமில்லாமல் துடைத்துவிடுவாள். அதுவும் ஒருவகை வலிப்புதான், வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனோ வேதத்தின் மேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். "வெளிய தெரிஞ்சா பிழைப்பு போயிடும். அம்மா உடைஞ்சிடுவாங்க..."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, வந்தா இங்கேயே வரட்டும், ரோட்டுல வேண்டாம். பதில் வந்த மாதிரியே இல்லை. நேற்று மாலை வேனின் பக்கக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. "எங்க இடிச்சதுன்னே தெரியல" என்றான் அவன்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். மாமியார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவளும் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்களைத் தூங்க விடாதேயும். வண்டியில வர்ற பிள்ளைங்களை..."

பேச்சு நின்றது.

மூடிய கண்ணுக்குள் வேன் ஓடியது. உள்ளே சின்னச் சின்ன முகங்கள். அவளால் தாங்க முடியவில்லை.

"அத்தை, கண்ணைத் திறங்க."

"ஜெபத்துக்கு நடுவுல என்னடி இது?"

"திறந்து உங்க பிள்ளையைப் பாருங்க."

பார்த்தார்கள். "அண்ணா... அண்ணா..." என்று நாத்தனார் உலுக்கினாள். அவன் நினைவு அங்கே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான்.

"...பத்திரமா காத்தருளும்" என்றவன், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டான். முகம் வெளுத்துப்போனது.

"சொல்லிட்டியா?"

"பார்க்கச் சொன்னேன்."

"சத்தியம் பண்ணியே... என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே."

"மண்ணு நம்ம தலையில விழட்டுங்க. அந்தப் பிள்ளைங்க தலையில வேண்டாம்."

அவன் சாவியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இனி இந்த வீட்டுக்கு என்ன வழி என்று அவளுக்கும் தெரியவில்லை.

மாமியார் மகனையும் தரையில் கிடந்த சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ... ஆண்டவர் பேசினதுன்னு நான் சொன்னதெல்லாம்...?"

"இல்லை அத்தை. அவருக்கு உடம்பு சரியில்லை. ரொம்ப நாளாவே."

கிழவி தவழ்ந்தே வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு குலுங்கியது.

"நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டிருந்தோம். இத்தனை நாளும் நீ ஒருத்தியாவா முழிச்சிருந்த?"

மருமகள் அந்தத் தோளில் முகம் புதைத்து உடைந்து அழுதாள். தினமும் தான் கண் கொட்டாமல் காத்த புருஷனின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.