ஞானாம்பிகைக்கு ஒரு மிரட்டல்

ஃபோன் அலறியது.

கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அந்த மூன்றாம் மாடி ஃப்ளாட்டின் வீட்டு ஃபோனுக்கு அழைப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர், குத்திக் காட்டுவதற்கென்றே டொரண்டோவிலிருந்து அழைக்கும் மைத்துனர் சுபாஸ்கரன். மற்றவர்... கொலை மிரட்டல்காரர்.

பேரின்பநாதன் ரிசீவரை எடுத்தார்.

“உம்மட மகளை அந்த டொலார்ட் காலேஜிலை சேர்த்தீரெண்டால்...” தொண்டைக்குள் மண் அள்ளிப் போட்ட மாதிரி ஒரு குரல். “வெள்ளைத் துணி வாங்கி வைச்சுக்கொள்ளும்.”

“ஆரடா நீ? ஊரிலை துவக்கோடை நிண்ட ஆமிக்கே பயப்பிடாதவன் நான். இண்டைக்கே சேர்க்கிறன். ஏலுமெண்டால் வந்து பார்.”

லைன் செத்தது.

இது மூன்றாவது மிரட்டல். முதல் மிரட்டலுக்கு ‘யோசிப்பம்’ என்றிருந்தவர், இரண்டாவதற்கு ‘சேர்ப்பம்’ என்றார். இப்போது மேசை இழுப்பறையிலிருந்து செக் புத்தகமே வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி லாண்டரியில் ஓவர்டைம் செய்து, வீடு வாங்கவென்று சேர்த்த காசு.

சோபாவில் ஆர்த்திகா. ஒரே மகள். வயது பத்தொன்பது. சைக்கோலஜி படிக்க ஆசைப்பட்டதுதான் அவள் செய்த குற்றம்.

“அப்பா, யூனிவர்சிட்டியிலை இடம் கிடைச்சிருக்கு. செல்ஃபோனிலை ஓம் எண்டு பட்டனை அமத்த இண்டைக்குத்தான் கடைசி நாள்.”

“அந்தப் பட்டனை அமத்தினியெண்டால் பெட்டியையும் கட்டு.”

“ஏனப்பா? கியூபெக் பிள்ளையளுக்கு அங்கை ஃபீஸ் குறைவு. படிப்பும் திறம்.”

“குறைவுதானே? மலிவான சாமான் மலிவாத்தான் இருக்கும். டொக்டர் வசீகரன்ர காலேஜ் அதைவிட அஞ்சு மடங்கு. ரெண்டே வருசத்திலை நீ சைக்கோலஜிஸ்ட்.”

“ரெண்டு வருசத்திலை ஒருத்தரும் ஆகேலாது. இஞ்சை டொக்டரேட் வேணும். முதல் டிகிரி, பேந்துதான் மற்றது. அந்தக் காலேஜை அரசாங்கம் அங்கீகரிக்கவே இல்லை. தேடிப் பாத்திட்டன்.”

“உனக்கு எல்லாம் தெரியும்.”

“ஊரிலை யூனிவர்சிட்டிக் கம்பஸ் காசு வாங்காமல்தானே படிப்பிக்குது? அது மட்டமோ?”

கம்பஸில் இடம் கிடைக்காத கோபம் பேரின்பநாதனுக்கு இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. மகள் சரியாக அந்த இடத்தில் குத்தியிருந்தாள்.

“காய்ச்ச மரத்துக்குத்தான் கல்லெறி விழும்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நல்ல காலேஜ் எண்டபடியாத்தான் ஆரோ எரிச்சலிலை வெருட்டுறான். கோட்டைப் போடு. போறம்.”

ஃபோன் மறுபடியும் அலறியது!

இம்முறை ஆர்த்திகா முந்திக்கொண்டாள்.

“ஞானாம்பிகையோ?” அதே மண் குரல்.

அவள் பெயர் ஆர்த்திகா. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும்...

“ஓம்,” என்றாள்.

“உம்மட அப்பரிட்டைச் சொல்லும். அந்தக் காலேஜ் படியிலை கால் வைச்சால், பிறகு கால் இருக்காது.”

“சொல்லுறன். மெர்சி.”

நன்றி சொல்லி ரிசீவரை வைத்தாள். ஒரு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

“என்னவாம்?”

“அதே ஆள்தான். வாங்கோப்பா, காலேஜுக்குப் போவம்.”

பேரின்பநாதன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். மகள் இவ்வளவு லேசில் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததே இல்லை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகர்.

கீழே டயர் கடை. மேலே காலேஜ். வகுப்பறையில் நாற்காலிகள் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் அடுக்கியபடி கிடந்தன.

டொக்டர் வசீகரன் கோட்டும் சூட்டுமாக எழுந்து நின்றார். நெற்றியில் சந்தனம். குரலில் தேன்.

“வாங்கோ ஐயா, இருங்கோ.”

“வெருட்டிப் பாத்தாங்கள் டொக்டர். நான் அசையேல்லை.”

“போட்டிக்காரர் ஐயா. எங்கட வளர்ச்சி கண்ணைக் குத்துது. உங்களைப் போல துணிஞ்ச தகப்பன்மார்தான் எங்களுக்குப் பலம்.”

பேரின்பநாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. செக் மேசையில் விழுந்தது. வசீகரன் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு ஆர்த்திகாவிடம் கையை நீட்டினார்.

“வாழ்த்துகள் ஞானாம்பிகை. இண்டையிலிருந்து நீங்கள் எங்கட பிள்ளை.”

“ஆரது ஞானாம்பிகை?” என்றார் பேரின்பநாதன்.

“அப்பிடி ஒருத்தியும் இல்லையப்பா.” ஆர்த்திகா நீட்டிய கையைத் தொடவில்லை. “போன மாதம் இந்தக் காலேஜுக்கு எடுத்து விசாரிச்சனான். சொந்தப் பேரைச் சொன்னால் வெள்ளிக்கிழமை கோயிலிலை கதை வந்திடும். பேரின்பத்தின்ர பெட்டை சைக்கோலஜி கேக்கிறாளாம், மூளை சுகமில்லையாம் எண்டு. அதாலை வாயிலை வந்த ஒரு பழங்காலத்துப் பேரைச் சொன்னனான். அடுத்த நாள் இவர் திருப்பி எடுத்து, பேர் சொல்லாமல் உங்கட மகள் எண்டு மட்டும் கேட்க, நீங்கள் ஃபோனைத் தூக்கினியள்.”

“அதுக்கு?”

“அந்தப் பேர் இவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கு என்னை வெருட்டினவனும் அந்தப் பேராலைதான் கூப்பிட்டவன்.”

கீழே யாரோ டயர் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம் எண்டு வெருட்டினால் நீங்கள் வேணும் எண்டு நிப்பியள். ஒருக்காக் கதைச்சே உங்களை அளந்திட்டார்.”

வசீகரன் நடந்துபோய்க் கதவைப் பூட்டினார். சாவியும் செக் இருந்த பைக்குள் போனது.

தேன் வற்றிவிட்டது.

“உம்மட மகளுக்கு வாய் கூடிப்போச்சு.” அதே மண் குரல்! “வெளியிலை மூச்சு விட்டீரெண்டால், வெள்ளைத் துணி ரெண்டாத் தேவைப்படும்.”

ஆமிக்குப் பயப்படாத மனிதர் மகளுக்காகப் பயந்தார். ஆனாலும் எழுந்து, அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

அப்போது ஆர்த்திகாவின் கைப்பை பேசியது.

“மதாம்? வூஸெத் தூஜூர் லா?” இன்னும் லைனில் இருக்கிறாளா என்று கேட்டது.

கதவு பூட்டப்பட்டபோதே அவள் பைக்குள் விரலை விட்டு அவசர எண் 911-ஐ அமத்தியிருந்தாள். இப்போது டயர் கடை முகவரியைப் பிரெஞ்சில் சத்தமாகச் சொன்னாள்.

“லா பொலிஸ் அரீவ்,” என்றது பை.

பொலிஸ் வருகிறது என்ற அந்தளவு பிரெஞ்சு பேரின்பநாதனுக்கும் புரியும். வசீகரனுக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. பூட்டிய கதவை அவரே திறந்துகொண்டு ஓடினார். படிக்கட்டு இறங்கி முடிவதற்குள், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த பொலிஸ் கார் டயர் கடை வாசலை அடைத்து நின்றது.

திரும்பும் வழியில் பேரின்பநாதன்தான் காரை ஓட்டினார். பொலிஸ் எடுத்துக் கொடுத்த செக்கை நாலாகக் கிழித்து வைத்திருந்தார். சிவப்பு சிக்னலில் கார் நின்றதும் வாயைத் திறந்தார்.

“இனி இந்தச் சைக்கோலஜிக் கதையே வேண்டாம். பேசாமல் எக்கவுண்டிங் படி.”

கள்ளன் பிடிபட்டும் தகப்பன் மாறவில்லை. ஆர்த்திகாவின் செல்ஃபோனில் அந்த யூனிவர்சிட்டிப் பட்டன் இன்னும் காத்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள்.

“சரியப்பா. சுபாஸ்கரன் மாமாவும் அதைத்தான் சொன்னவர். பேரின்பத்தாலை பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பேலாதாம்.”

பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் ஹார்ன்கள் அலறின.

“ஆர்? அவனோ சொன்னவன்? கொண்டா அந்த ஃபோனை. எங்கை அமத்திறது?”

காட்டினாள். அமத்தினார். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது.

“அவன் இதை எப்ப சொன்னவன்?”

“அவர் சொல்லவே இல்லையப்பா. இது டொக்டர் வசீகரன்ர பாடம். ஒரே வகுப்பிலை படிச்சிட்டன்... ஃபீசும் இல்லை.”